மல்லாட்டை ரூம் யாருக்கு?

போனில் நீ கேட்டதற்கு "யோசிச்சு சொல்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். யோசித்தாகிவிட்டது. பதிலைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ நாலு சொல்லிவிடுகிறாய், நடுவில் யாரோ மீட்டிங் என்று உன்னைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, குறுக்கே பேச முடியாது. வேலை பார்த்த காலம் முழுக்க மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததையே தட்டச்சு செய்த கை இது. ஒரு தடவையாவது சொந்தமாக எதையாவது எழுதட்டும். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பையனுக்கு எழுதுவதென்றால், வரப்போகிறவளிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும், கோபத்தை எப்படிக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் எழுத வேண்டுமாம். அதற்குக் கடைசியில் இடம் இருந்தால் பார்க்கலாம். முதலில் ரூம் விஷயம்.

நீ கேட்டது இது. சென்னையிலிருந்து வந்த அந்த டிரஸ்டுக்காரர், கிரிவலப் பாதையைப் பார்த்தபடி இருக்கும் நம் முன்னறையை எடுத்துக்கொண்டு, உன் தாத்தா பெயரில் அங்கே ஒரு சித்தர் பீடம் வைக்க ஆசைப்படுகிறார். பதிலுக்கு வீட்டுக்கு மேலே மாடி கட்டித் தருவார். தையில் உன் கல்யாணம். அதற்குள் மாடி முடிந்தால் நீங்கள் இரண்டு பேரும் பெங்களூரிலிருந்து வரும்போது தங்க, குளியலறையோடு ஒரு நல்ல அறை கிடைக்கும். இப்போது முன்னறையில் இருக்கும் நூலகத்தை வேறு எங்காவது மாற்றிக்கொள்ளச் சொல்லலாம். "இன்னிக்கு யாரும்மா லைப்ரரிக்குப் போறாங்க? எல்லாம் கம்ப்யூட்டர்லயே வந்துடுது" என்றாய். இன்னொரு பக்கம், நூலகத் துறையிலிருந்தும் ஆள் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த இடத்தைப் பத்திரம் பண்ணி எழுதிக் கொடுத்தால் பழைய அறையை இடித்துவிட்டு ஒழுங்கான கட்டடம் கட்டித் தருகிறார்களாம். அப்பா போன பிறகு இந்த வீடு உனக்கும் எனக்கும் பொதுவாக வந்திருக்கிறது. நான் மட்டும் கையெழுத்துப் போட்டால் யாருக்கும் கொடுக்க முடியாது. நீ மட்டும் போட்டாலும் முடியாது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் புத்தகம் படிப்பவள் இல்லை. நாளெல்லாம் அரசாங்கத் தாளைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் எழுத்து என்றாலே கண் எரியும். அந்த நூலகத்தில் ஒரு புத்தகத்தைக்கூட நான் முழுசாகப் படித்ததில்லை. அதனால் புத்தகம் அறிவை வளர்க்கும், விளக்கேற்றும் என்றெல்லாம் நான் எழுதினால் நீயே சிரிப்பாய். நான் சொல்ல வருவது வேறு.

மாவட்டம் தனியாகப் பிரிந்த வருஷம் எனக்குத் தட்டச்சர் வேலை கிடைத்தது. அடி அண்ணாமலையிலிருந்து வேங்கிக்கால் பக்கம் கலெக்டர் ஆபீசுக்குப் போய் வர வேண்டும். நீ அப்போது சின்ன வகுப்பு. முன்னறைக்கு அந்நாளில் மல்லாட்டை ரூம் என்று பெயர். உன் தாத்தா கட்டியது. நிலத்தில் விளைந்த வேர்க்கடலை மூட்டைகளை அதில் அடுக்குவார், வியாபாரி வண்டி வாசலிலேயே நிற்கட்டும் என்று பாதையைப் பார்த்துக் கதவு வைத்தார். தாத்தா போன பிறகு மல்லாட்டை போடுவது குறைந்து, அறை சும்மா கிடந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வரும் கூட்டம் அப்போதுதான் ஜாஸ்தியாக ஆரம்பித்திருந்தது. அந்த அறையைக் கடைக்கு விடலாம் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஆனால் உன் அப்பா ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "லைப்ரரிக்கு ரூம் குடுக்கறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார். ஊரார் வாடகையில்லாமல் இடம் கொடுத்தால் துறை நூலகம் தரும், அதுதான் வழக்கம். புத்தகமும் பேப்பரும் நூலகரும் அவர்கள் பொறுப்பு. இடம் கொடுப்பது யார் என்று ஊர்க் கூட்டத்தில் கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்திருக்கிறார்கள், உன் அப்பா மட்டும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது. அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

நூலகராக வந்தவள் மல்லிகா. நம் ஊர்க் காலனிப் பெண், பன்னிரண்டாவது முடித்தவள். பாதி நாள் வேலை, பாதிச் சம்பளம்கூட இல்லை. நம் வீட்டு அறையில் காலனிப் பெண் நாற்காலி போட்டு உட்காருவதும், ஊர்க்காரர்கள் அவளிடம் போய்ப் புத்தகம் கேட்டு நிற்பதும் சில பேருக்குச் செரிக்கவில்லை. அதில் முதல் ஆள் உன் பெரியப்பா. "இன்னாடா பண்ணி வெச்சிருக்கற? வூட்டுக்குள்ளயே கொண்டாந்து உக்கார வெச்சுட்டியா?" என்று அப்பாவைக் கேட்டார். "அது வூடு இல்ல அண்ணா, லைப்ரரி" என்று அப்பா சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். உன் அப்பாவின் சண்டைகள் எல்லாமே இந்த அளவுதான் இருக்கும். எதிராளிக்குச் சண்டை முடிந்துவிட்டது என்பதே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரியும்.

இடம் கொடுத்தவர் படத்தை நூலகத்தில் மாட்டுவது மரியாதை என்று திறப்பு விழாவில் யாரோ சொன்னார்கள். அறையைக் கட்டியவர் தாத்தாதானே என்று அப்பா அவர் படத்தை மாட்டினார். நம் வீடுகளில் இறந்தவர் படத்துக்கு எப்படிச் செய்வோமோ அப்படியே செய்தார். சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, மணி மாலை போட்டு, மேலே சின்னதாக ஒரு சிவப்பு பல்ப். தாத்தாவை நீ ஓரளவு நினைவு வைத்திருப்பாய். மேல் சட்டை போட மாட்டார், மார்பு வரை வெள்ளைத் தாடி. அந்தத் தாடி பக்தியில் வளர்ந்தது இல்லை. பக்கத்து நிலத்துக்காரரோடு வரப்புத் தகராறில் கோர்ட்டுக்குப் போனவர், கேஸ் ஜெயிக்கிற வரைக்கும் தாடியை எடுப்பதில்லை என்று சபதம் போட்டார். கேஸ் இழுத்துக்கொண்டே போனது, தாடியும் கூடவே போனது. கடைசியில் தோற்றார். தோற்றதால் தாடி நிலைத்துவிட்டது.

நூலகம் திறந்து சில வருஷத்தில் கையைக் கடிக்க ஆரம்பித்தது. துறையிலிருந்து பேப்பருக்கு வரும் பணம் தாமதமாகும், பேப்பர் போடுகிறவன் நிறுத்திவிடுவான். மின்விசிறி இல்லை, வெயில் காலத்தில் உள்ளே உட்கார முடியாது. அப்போது அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. பௌர்ணமியன்று வாசலில் தண்ணீர்ப் பானை வைத்து, பக்கத்தில் ஒரு உண்டியலும் வைத்தால் என்ன? நடந்து வருகிறவர்கள் தண்ணீர் குடித்துவிட்டு ஏதாவது போடுவார்கள். தகர உண்டியல் அடித்து, "நூலக வளர்ச்சி நிதி" என்று பெயிண்டில் எழுதி, கதவைத் திறந்து நேர் எதிரில் ஸ்டூல் மேல் வைத்தார். அந்த ஸ்டூலுக்கு மேலேதான் தாத்தா படம் என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. நீ அப்போது ஒன்பதாவது, நீயும்தான் பானைக்குத் தண்ணீர் தூக்கினாய்.

மறுநாள் காலையில் மல்லிகா வந்து என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, கொஞ்சம் வந்து பாருங்களேன்." வாசல்படி முழுக்கக் கற்பூரக் கரி. தாத்தா கழுத்தில் மணி மாலைக்கு மேலே நாலைந்து பூமாலை. ஸ்டூலைச் சுற்றி எலுமிச்சம்பழம். ஜன்னல் கம்பியில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு குட்டித் தொட்டில். மேசையில் கிடந்த நாளிதழின் மேல் விபூதி கொட்டியிருந்தது. உண்டியல் கனத்தது. பெயிண்ட் எழுத்து அந்த வெளிச்சத்தில் யாருக்குத் தெரியும்? நம் ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று உனக்குத் தெரியும். மலையைச் சுற்றி நடந்தால் எத்தனை சமாதி, எத்தனை ஆசிரமம், மரத்தடிக்கு மரத்தடி எத்தனை சாமியார். சிவப்பு விளக்கு, மார்பு வரை தாடி, மாலை, கீழே உண்டியல். நானே தெரியாமல் வந்திருந்தாலும் செருப்பைக் கழற்றியிருப்பேன். நான் அன்று சிரித்த மாதிரி பிறகு சிரிக்கவேயில்லை. மல்லிகா சிரித்துக்கொண்டே தொட்டிலைக் கழற்றப் போனாள். பிறகு, "பாவம், யாரு கட்டினாங்களோ" என்று விட்டுவிட்டாள்.

அடுத்த பௌர்ணமிக்கு அப்பா வேண்டுமென்றே ஒன்றும் செய்யவில்லை. மாற்றவும் இல்லை. அந்தப் பணத்தில் மின்விசிறி வந்தது, இரும்பு அலமாரி வந்தது, வேலைத் தேர்வுக்குப் படிக்கிற புத்தகங்கள் வந்தன, நின்றுபோன பேப்பர் திரும்ப வந்தது. எல்லாம் நல்ல காரியம்தான். மல்லிகாவுக்குத்தான் வேலை கூடியது. வருகிறவர்கள் அவளிடம் விபூதி கேட்பார்கள். "இது லைப்ரரிம்மா, உள்ள வந்து பேப்பர் படிங்க" என்பாள். ஒரு அம்மா, "அப்ப ஒரு புஸ்தகமாவது குடு தாயி" என்று கேட்டு, கோழி வளர்ப்பு பற்றிய புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிரசாதமாக எடுத்துப்போனாள். அது திரும்பி வரவில்லை, விலையை மல்லிகா தன் கையிலிருந்து கட்டினாள். உண்டியலில் காசோடு சீட்டுகளும் விழுந்தன. மகனுக்கு வேலை வேண்டும், வீட்டுக்காரர் குடியை விட வேண்டும், மருமகள் திரும்பி வர வேண்டும். நான் ஆபீசில் தினமும் தட்டச்சு செய்யும் மனுக்கள் மாதிரியே இருந்தன. முகவரி மட்டும்தான் வேறு.

இதெல்லாம் பெரியப்பா கண்ணில் படாமல் இருக்குமா? வரப்புக் கேஸில் தாத்தாவோடு கோர்ட்டுக்கு அலைந்தவர் அவர்தான். தன் அப்பா சாமியாகிக்கொண்டிருப்பதைப் பார்த்து முதலில் அவருக்கும் சிரிப்பு வந்தது, பிறகு யோசனை வந்தது. ஒரு பௌர்ணமிக்கு முதல் நாள் ஒரு பூசாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். "இதை ஒழுங்கா ஒரு கோயில் மாதிரி பண்ணிடலாம். புஸ்தகத்தையெல்லாம் பின்னால தள்ளிக்கலாம்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மல்லிகா பக்கம் திரும்பி, "நீ பௌர்ணமி அன்னிக்கு இந்தப் பக்கம் வராத. சுத்தபத்தமா இருக்கணும்" என்றார். மல்லிகா அடுக்கிக்கொண்டிருந்த புத்தகங்களை அடுக்கி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். அப்பா ஸ்டூலின் மேல் ஏறினார். மாலைகளைக் கழற்றினார், பல்பைக் கழற்றினார், படத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "எங்கப்பா வரப்பு கேசுலயே தோத்தவரு. அவரு யாருக்கு வரம் குடுக்கப் போறாரு?" என்று பூசாரியிடம் சொல்லிவிட்டு, படத்தை உள்ளே கொண்டுவந்து அரிசி டிரம்முக்கு மேல் மாட்டினார். இன்றும் அங்கேதான் இருக்கிறது. பெரியப்பா அதற்கப்புறம் நம் வீட்டில் கை நனைக்கவில்லை. உன் அப்பாவோடு குடும்பம் நடத்திய அத்தனை வருஷத்தில் அவரை நினைத்து நான் பெருமைப்பட்ட நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். அவரிடம் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

அந்தப் பௌர்ணமிக்கு உண்டியல் அதே இடத்தில்தான் இருந்தது. அப்பா இந்த முறை அதன் மேல் விளக்கு வைத்து, எழுத்து தெளிவாகத் தெரியும்படி செய்திருந்தார். மறுநாள் திறந்து பார்த்தோம். கொஞ்சம் சில்லறை, ஒரு சட்டைப் பொத்தான். எத்தனை ஆயிரம் பேர் நடந்துபோன பாதை! எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன், அவர்கள்மேல் தப்பில்லை. நானும் பௌர்ணமிக்குச் சுற்றுகிறவள்தான், எங்கே காசு போடுவேன் என்று எனக்கே தெரியும். அன்னதானம் போட்டால் சாப்பிடுகிறவர் முகம் மலருவது அங்கேயே தெரிகிறது. சாமிக்குப் போட்டால் மனசு லேசாகிறது. நூலகத்துக்குப் போட்டால் என்ன தெரியும்? யார் எதைப் படித்தார், அதனால் அவருக்கு என்ன ஆயிற்று என்று கொடுத்தவருக்குக் கடைசி வரை தெரியாது. அதனால் ஆசைப்பட்டுக் கொடுப்பவர்களை நம்பி நூலகம் நடத்த முடியாது. ஆசை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் கட்டினால்தான் உண்டு.

அப்படி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்பது எனக்கு ஆபீஸ் வேலையால் தெரிந்திருந்தது. வீட்டு வரி கட்டும்போது அதோடு சேர்த்து நூலக வரி என்று கொஞ்சம் வாங்குகிறார்கள். ரசீதில் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. ஊரில் எல்லா வீடும் கட்டுகிறது, அப்படியானால் ஊர் நூலகத்துக்குப் பேப்பர் ஏன் நிற்க வேண்டும்? இதை ஒரு மனுவாக நானே தட்டச்சு செய்தேன். அப்பாவும் மல்லிகாவும் வாசகர்கள் சில பேரும் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மனு கொடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். இன்னொரு மனு. உன் அப்பா ஒவ்வொரு முறையும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்குப் போவது மாதிரி கிளம்புவார். "அதே மனுதான?" என்று நான் கேட்பேன். "அதே மனுதான், ஆபீசர் வேற" என்பார். ஒரு கட்டத்தில் இவரைப் பார்த்தாலே எழுந்து பதில் சொல்லும் நிலைக்கு அவர்கள் வந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். பேப்பர் பணம் ஒழுங்காக வர ஆரம்பித்தது. புதுப் புத்தகம் வந்தது. பாதி நாள் நூலகம் முழு நாளாயிற்று. இதில் வீரம் ஒன்றும் இல்லை. நச்சரிப்பு என்று சொல்லலாம்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். உனக்குப் பிடிக்காது, ஆனாலும் எழுதுகிறேன். பன்னிரண்டாவதில் நீ கணக்கில் ஃபெயில். ரிசல்ட் வந்த நாளிலிருந்து நம் தெருவில் உன்னைக் கேட்காத ஆள் இல்லை. பால்காரர் கேட்டார், பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார், கோயிலுக்குப் போனால் அங்கேயும் சொந்தக்காரர் ஒருவர் நின்றுகொண்டு கேட்டார். வீட்டில் நான் கேட்டேன், தினமும் கேட்டேன். எப்படிடா இவ்வளவு கம்மியாச்சு என்று அதே கேள்வியை வேறு வேறு மாதிரி கேட்டேன். நீ காலையில் எழுந்து சாப்பிட்டதும் மல்லாட்டை ரூமுக்குப் போய்விடுவாய். நீ அங்கே விழுந்து விழுந்து படித்தாய் என்று உன் கல்யாணத்தில் யாராவது மைக்கில் சொன்னால் நான் மறுத்துவிடுவேன். நீ படிக்கவில்லை. உட்கார்ந்திருந்தாய். ஜன்னல் பக்கத்து பெஞ்சில், ஒரே பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கம் திருப்பாமல். நான் ஆபீஸ் போகும்போதும் பார்ப்பேன், வரும்போதும் பார்ப்பேன். மல்லிகா உன்னை ஒன்றும் கேட்கவில்லை. உன்னிடம் மட்டுமில்லை, யாரிடமும் அவள் எதையும் கேட்பதில்லை. எனக்கு அப்போது அவள்மேல் பொறாமையாக இருந்தது. பெற்ற பிள்ளை என் பக்கத்தில் உட்காராமல் அங்கே போய் உட்காருகிறானே என்று வயிறு எரிந்தது.

மாசக்கணக்கில் அப்படி இருந்துவிட்டு, ஒரு நாள் நீ பேப்பரை எடுத்துக்கொண்டு வந்து, "அம்மா, பத்தாவது மார்க்கை வெச்சே பாலிடெக்னிக்ல சேரலாமாம்மா" என்றாய். அறிவிப்பு வந்த பக்கத்தை மல்லிகா மேலே தெரிகிற மாதிரி மடித்து உன் பெஞ்சில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். எடுத்துக் கையில் கொடுக்கவில்லை, படி என்று சொல்லவில்லை. மடித்து வைத்தாள், அவ்வளவுதான். அங்கிருந்துதான் டிப்ளமோ, அதிலிருந்து மேலே படிப்பு, அதிலிருந்து பெங்களூர். அந்தப் பேப்பரை வாங்கியது யார் பணம் என்று நினைக்கிறாய்? தாத்தாவின் உண்டியல் பணம் அப்போது இல்லை. ஊரில் ஒவ்வொரு வீடும் வரியோடு கட்டியது. காலனி வீடுகள் கட்டியதும் அதில் உண்டு. நம் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காத பெரியப்பா கட்டியதும் அதில் இருக்கிறது. உனக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்தா கொடுத்தார்கள்? தெரிந்திருந்தால் சில பேர் கொடுத்திருக்கவே மாட்டார்கள்.

இந்தப் பாதையில் காலையிலிருந்து நடந்து பார். டீ குடித்தால்தான் பெஞ்சில் உட்காரலாம். கோயிலில் உட்கார்ந்தால் கும்பிடுகிறவர்களுக்கு வழி விட வேண்டும். ஆசிரமத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். சொந்தக்காரர் வீட்டில் உட்கார்ந்தால் எதற்கு வந்தாய் என்று சொல்ல வேண்டும். ஒன்றும் வாங்காமல், ஒன்றும் வேண்டாமல், இன்னார் மகன் என்று சொல்லாமல் உட்காருவதற்கு ஊரில் அந்த ஒரு அறைதான் இருக்கிறது. காவி கட்டிய ஒருவர் தினமும் வந்து கிரிக்கெட் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் போகிறார், துறவு அந்தப் பக்கம் வரைக்கும் போகவில்லை போலிருக்கிறது. காலனிப் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அரசாங்கத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். வெளியே வந்ததும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போகிறார்கள், அதையும் பார்க்கிறேன். உள்ளே இருக்கிற வரைக்குமாவது ஒரே பெஞ்ச். உன் கம்ப்யூட்டரில் எல்லாம் வரும், ஒத்துக்கொள்கிறேன். பெஞ்ச் வராது.

டிரஸ்டுக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல மனிதர். வியாபாரத்தில் பெரிய வழக்கில் மாட்டிக்கொண்டு தவித்த காலத்தில் கிரிவலம் வந்தாராம். தாடி வைத்த சித்தர் ஒருவர் படத்துக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டாராம், வழக்கு ஜெயித்துவிட்டதாம். பிறகு வந்து பார்த்தால் படத்தைக் காணோமாம். விசாரித்து விசாரித்து இப்போதுதான் நம் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வரப்புக் கேஸ், சபதம், தாடி, தோற்றது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் அவரிடம் சொன்னேன். அரிசி டிரம் பக்கம் கூட்டிப்போய்ப் படத்தையும் காட்டினேன். அவர் கைகூப்பி நின்று, கண் கலங்கி, "பெரியவங்க அப்படித்தாம்மா, தங்களை வெளியில காட்டிக்க மாட்டாங்க" என்றார். அவர் நம்பிக்கையை நான் கெடுக்கவில்லை. படத்தை வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொன்னேன். நெகட்டிவ் நம்மிடம் இருக்கிறது, கவலைப்படாதே.

ஆக, என் பதில் இது. மாடி வேண்டும் என்று நீ கேட்டதில் தப்பில்லை. புதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வரும்போது நல்ல அறை இருக்க வேண்டும் என்று நினைப்பது நியாயம்தான். என் அறையை எடுத்துக்கொள்ளுங்கள், நான் கூடத்தில் படுத்துக்கொள்வேன். மாடி பிறகு நிதானமாகக் கட்டலாம். மல்லாட்டை ரூமை நூலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். அப்பா உயிரோடு இருக்கும்போது, அவர் இருக்கிறார் என்ற தைரியத்தில் அது ஓடியது. ஒரு வீட்டுக்காரரின் நல்ல மனசை நம்பி எத்தனை நாள் ஓடும்? நான் போன பிறகு உன் மனசு, உனக்குப் பிறகு யார் மனசோ. பத்திரமாகிவிட்டால் யாருடைய மனசையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். கட்டடம் வந்தால் அப்பா படத்தை மாட்டலாமா என்று மல்லிகா கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் அப்பாவுக்குத் தாடி இல்லைதான், ஆனாலும் இந்த ஊரை நம்ப முடியாது.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று நீ சொன்னால் நான் சண்டைக்கு வர மாட்டேன். உன் பாதி உன்னுடையது. ஆனால் பதிலைப் போனில் சொல்லாதே. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வா. வந்ததும் வீட்டுக்குள் வராதே, நேராக முன்னறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார். ஜன்னல் பக்கத்து பெஞ்ச் காலியாக இருந்தால் உட்கார். பெரும்பாலும் இருக்காது. இந்த வருஷம் அங்கே ஒரு பெண் உட்காருகிறாள். யார் வீட்டுப் பெண் என்று தெரியவில்லை. ரிசல்ட் வந்த வாரத்திலிருந்து வருகிறாள். கையில் ஒரு பத்திரிகை, பக்கம் திருப்புவதில்லை. நேற்று நான் உள்ளே போனேன். பழக்க தோஷம், "யாரும்மா நீ, எவ்ளோ மார்க்கு?" என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன். மல்லிகா மேசையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே இருந்த மின்விசிறியைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வரப்போகிறவளிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கடைசியில் இடம் இருந்தால் பார்க்கலாம் என்றேனே, அதுவும் இதுதான்.

அம்மா